மலைச்சரிவு, வீடு, 77 நாட்கள்

"மலை அடிவாரத்தில், இயற்கை எழில் சூழ்ந்த மனைகள்" என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் நாம என்ன கேட்போம்? பட்டா கிளியரா இருக்கா, டிடிசிபி அப்ரூவல் உண்டா, ரெரா நம்பர் இருக்கா, பேங்க் லோன் கிடைக்குமா, போர் போட்டா எத்தனை அடியில தண்ணி வரும். இவ்வளவுதான். அந்த மலை எத்தனை டிகிரி சாய்வில் நிற்கிறது, மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, மனை போடுவதற்காக அடிவாரத்தில் எவ்வளவு மண்ணை வெட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. விற்கிறவரும் சொல்வதில்லை.

இந்தக் கேள்விகளை ஒரு அரசாங்கம் எப்போது கேட்க ஆரம்பித்தது? யாரிடம் கேட்கிறது, யாரிடம் கேட்காமல் விடுகிறது? இதைத் தேடிக்கொண்டு போனபோது மூன்று தேதிகள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. 1993 நவம்பர் 11, 1993 டிசம்பர் 11, 1994 ஜனவரி 27. முதல் தேதிக்கும் கடைசி தேதிக்கும் நடுவில் 77 நாட்கள். மூன்றும் வேறு வேறு ஊர்கள், ஒன்றுக்கொன்று நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால் மலைச்சரிவில் வீடு கட்டுவது பற்றி நமக்கு என்ன தெரியும், எதை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை என்பது ஓரளவுக்குப் பிடிபடுகிறது.

திருவள்ளூர்க்காரனுக்கு மலை எதுக்கு என்று கேட்கலாம். நம்ம மாவட்டம் என்றால் கும்மிடிப்பூண்டி சிப்காட், மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு ஏரி என்று தட்டையான நிலம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் மேற்கே போனால் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டைப் பக்கம் மலைகள் எழும்பி ஆந்திர எல்லையைத் தாண்டிப் போகின்றன. தொழிற்பேட்டைகள் வளர வளர வீட்டுமனை தேடுகிறவர்களும் மேற்கே நகர்கிறார்கள். அதனால் இது நமக்கும் சேர்த்துத்தான்.

1993 நவம்பர் 11: மரப்பாலம்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற மலைப்பாதையில் மரப்பாலம் என்று ஒரு இடம். 1993 நவம்பரில் கொட்டிய மழையில் அங்கே மலை சரிந்து சாலையை அடித்துக்கொண்டு போனது. உயிர்ச்சேதம் ஏற்பட்டது. நீலகிரிக்கு இது புதிதல்ல. 1978 நவம்பரில் புயல் மழையில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் சரிவு. 1979-லும் சரிவுகள். 1990 அக்டோபரில் கெத்தை. ஒவ்வொரு முறையும் வடகிழக்குப் பருவமழைக் காலம்தான்.

நீலகிரியின் பெரும்பகுதி சார்னோகைட் என்கிற பாறை. (ஒரு உபரித் தகவல்: கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தப் பாறையில் செய்தது. அந்தக் கல் போனது நம்ம பல்லாவரம் பக்கத்திலிருந்து. அவர் பெயரைத்தான் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்கு வைத்தார்.) இரும்பு மாதிரி உறுதியான கல். ஆனால் லட்சக்கணக்கான வருட மழையிலும் வெயிலிலும் அதன் மேல்பகுதி மக்கி, செம்மண்ணாகவும் அதற்குக் கீழே வழவழப்பான களிமண்ணாகவும் மாறிக் கிடக்கிறது. சில இடங்களில் இந்த மண் போர்வை பல மீட்டர் தடிமன். மலை என்றால் பாறை என்று நாம் நினைப்போம். நீலகிரியில் வீடு நிற்பது பல இடங்களில் பாறை மேல் அல்ல, பாறை மேல் படுத்திருக்கிற மண் மேல்.

ஜான் சல்லிவன் 1819-ல் கோத்தகிரிப் பக்கம் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு 100 வருடத்துக்குள் அந்த மண் போர்வை மேல் என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள். ஊட்டியில் பங்களாக்கள், ஏரி, சாலைகள். 1899-ல் குன்னூர் வரைக்கும் ரயில், 1908-ல் ஊட்டி வரைக்கும். புல்வெளியும் சோலைக்காடும் இருந்த இடத்தில் யூகலிப்டஸ், சீகை, தேயிலை, உருளைக்கிழங்கு. ஒவ்வொரு சாலையும் ரயில் பாதையும் சரிவின் அடியை ஒரு இடத்தில் வெட்டித்தான் போக வேண்டும். அந்த வெட்டுக்கு மேலே வீடுகள் வந்தன. வீடு கட்டினால் குளியலறைத் தண்ணீரும் செப்டிக் டேங்க் தண்ணீரும் அதே சரிவுக்குள்தான் இறங்கும்.

1978-க்குப் பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறை நீலகிரியில் எந்தெந்தச் சரிவு ஆபத்தானது என்று வரைபடம் போட ஆரம்பித்தது. 1990-ல் தமிழக அரசு மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தை அமைத்தது. பேச்சுவழக்கில் 'ஹாக்கா'. பட்டியலில் இருக்கிற மலைக் கிராமங்களில் மனை பிரிக்கவோ கட்டவோ வேண்டுமென்றால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறை ஆகியவற்றின் கருத்தும் வேண்டும் என்று ஆனது. 1993-ல் நீலகிரிக்குத் தனி மாஸ்டர் பிளானும் மலைநகரங்களுக்கான கட்டட விதிகளும் வந்தன. கட்டட உயரம் 7 மீட்டர் என்ற வரம்பு அப்போது வந்ததுதான்.

அதாவது மரப்பாலம் சரிந்த வருடத்தில் தமிழ்நாட்டிடம் ஒரு சட்டம் இருந்தது. நல்ல விஷயம். ஆனால் அந்தச் சட்டத்துக்குள் நுழைகிற வாசல் எது என்று கவனியுங்கள். உங்கள் கிராமத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் வாசல். பெயர் இருந்தால் பல துறை அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். அதே சாய்வுள்ள ஒரு குன்று பட்டியலில் இல்லாத கிராமத்தில் இருந்தால் அதுவும் சமவெளி மனை மாதிரிதான்.

1993 டிசம்பர் 11: உலு கிளாங்

மரப்பாலத்துக்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, மலேசியாவில், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உலு கிளாங் என்ற இடம். அந்தக் குடியிருப்புப் பகுதியின் பெயரே தாமான் ஹில்வியூ. நம்ம ஊர் விளம்பரங்களில் வரும் அதே 'ஹில் வியூ'. அங்கே மலைச்சரிவை ஒட்டி 'ஹைலேண்ட் டவர்ஸ்' என்று மூன்று அடுக்குமாடிகள், ஒவ்வொன்றும் 12 மாடி. 1970-களில் கட்டியவை. 10 நாள் தொடர் மழைக்குப் பிறகு, 1993 டிசம்பர் 11 சனிக்கிழமை மதியம், முதல் கட்டடம் அப்படியே சாய்ந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள்.

இந்த விபத்தைப் பற்றி நிறைய ஆவணங்கள் இருக்கின்றன. விசாரணைக் குழு அறிக்கை, அப்புறம் வருடக்கணக்கில் நடந்த வழக்கு. அவற்றிலிருந்து தெரியவரும் கதை இதுதான்.

கட்டடங்களுக்குப் பின்னால் மலையிலிருந்து ஒரு ஓடை இறங்கி வந்தது. அதை அதன் இயல்பான போக்கில் விடாமல் குழாய் வழியாகத் திருப்பிவிட்டார்கள். பின்னால் இருந்த சரிவைப் படிப்படியாக வெட்டித் தாங்கு சுவர்கள் எழுப்பினார்கள். 1990-களின் தொடக்கத்தில் மலைக்கு மேலே வேறொரு குடியிருப்புத் திட்டத்துக்காக மரங்களை வெட்டி நிலத்தைத் திறந்தார்கள். அதன் பிறகு மழைநீரும் சேறும் கீழ்நோக்கி அதிகமாக வர ஆரம்பித்தன. வடிகால்கள் தாங்கவில்லை. தாங்கு சுவர்கள் சரிந்தன, மண் நகர்ந்தது, அந்த நகர்வு கட்டடத்தின் அடித்தளத்தைத் தள்ளியது. அடித்தளம் என்ன தெரியுமா? தண்டவாளங்களை ஒன்றாகப் பற்றவைத்து மண்ணில் இறக்கிய தூண்கள். மேலிருந்து கீழே அழுத்துகிற எடையை அவை தாங்கும். பக்கவாட்டில் மலை வந்து தள்ளினால் தாங்காது. தள்ளியது, வளைந்து முறிந்தன.

2000-ல் உயர்நீதிமன்றம் பொறுப்பைப் பலருக்கும் சதவீதக் கணக்கில் பிரித்துக் கொடுத்தது. கட்டிய நிறுவனம், வரைபடம் போட்டவர், பொறியாளர், பக்கத்து நிலத்தின் உரிமையாளர், மேலே நிலத்தைத் திறந்தவர்கள், நகராட்சி. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது பக்கத்து நிலத்துக்கும் மேல் நிலத்துக்கும் பொறுப்பு உண்டு என்று நீதிமன்றம் சொன்னதுதான். கட்டியவர்களுக்கு 35 சதவீதம், மற்ற நிலங்களுக்கு அதைவிட அதிகம். நகராட்சிக்கு 15 சதவீதம். ஆனால் 2006 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம், உள்ளாட்சி அமைப்புக்குச் சட்டம் தரும் பாதுகாப்பைக் காட்டி நகராட்சியை விடுவித்துவிட்டது. ஒப்புதல் கொடுத்த அலுவலகம் கணக்கிலிருந்து வெளியே வந்தது. வீட்டை வாங்கியவர்கள் மட்டும் உள்ளேயே நின்றார்கள்.

கதை அங்கே முடியவும் இல்லை. 2002 நவம்பரில் அதே தாமான் ஹில்வியூவில் சரிவு, ஒரு வீடு புதைந்து 8 பேர் இறந்தார்கள். 2008 டிசம்பர் 6, பக்கத்திலேயே புக்கிட் அந்தாராபங்சாவில் இன்னொரு சரிவு, 14 வீடுகள் போயின.

மலேசியாவில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுச் சட்டம் இல்லையா? இருந்தது. 1987-லேயே ஆணை வந்துவிட்டது. ஆனால் வீட்டுத் திட்டத்துக்கு அதன் வாசல் 50 ஹெக்டேர். அதற்குக் குறைந்தால் மதிப்பீடு தேவையில்லை. 2015-ல் புதிய ஆணை வந்தபோதுதான் சாய்வு என்பதே ஒரு தனி இனமாகச் சேர்ந்தது: 25 டிகிரிக்கு மேல் ஒரு வகை, 35 டிகிரிக்கு மேல் அதைவிடக் கடுமையான வகை. ஏக்கரிலிருந்து டிகிரிக்கு வர 28 வருடம் ஆனது.

1994 ஜனவரி 27: புது தில்லி

ஹைலேண்ட் டவர்ஸ் விழுந்து 47-வது நாள், இந்திய அரசு நம்முடைய முதல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை வெளியிட்டது. அணைகள், சுரங்கங்கள், அனல் மின் நிலையங்கள், ரசாயன ஆலைகள் எல்லாம் பட்டியலில் உண்டு. கும்மிடிப்பூண்டி, மணலி மாதிரிப் பகுதிகளுக்கு நேரடியாகப் பொருந்துகிற சட்டம். மலையும் இருந்தது. எப்படி என்றால், 1000 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் 5 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு செய்கிற சுற்றுலாத் திட்டம். மலையில் ஓட்டல் கட்டினால் கேள்வி கேட்பார்கள். அதே மலையில் வீடு கட்டினால்? பட்டியலிலேயே இல்லை.

வீடு உள்ளே வர 10 வருடம் ஆனது. 2004 ஜூலை 7-ல் செய்த திருத்தத்தில் 1000 பேர் வசிக்கிற அளவு, அல்லது ஒரு நாளைக்கு 50,000 லிட்டர் கழிவுநீர், அல்லது 50 கோடி ரூபாய் முதலீடு என்று வரம்பு வைத்தார்கள். 2006 செப்டம்பர் 14-ல் புதிய அறிவிக்கை. அதில் கட்டுமானத்துக்கு வரம்பு 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு. டவுன்ஷிப் என்றால் 50 ஹெக்டேர் அல்லது 1,50,000 சதுர மீட்டர்.

இதை நம்ம அளவில் மாற்றிப் பார்ப்போம். 20,000 சதுர மீட்டர் என்பது சுமார் 2.15 லட்சம் சதுர அடி. 1000 சதுர அடி ஃபிளாட் என்றால் 200 ஃபிளாட் வரைக்கும் இந்த மதிப்பீட்டின் கண்ணில் படாமல் கட்டலாம். 50 ஹெக்டேர் என்பது சுமார் 123 ஏக்கர். 100 ஏக்கரில் வெறும் மனைப் பிரிவு போட்டால் கட்டடப் பரப்பே கிடையாது, ஏனென்றால் விற்பது கட்டடம் இல்லை, மனை. ஆனால் ஒரு சரிவுக்கு மிகப் பெரிய காயம் எப்போது ஏற்படுகிறது? மண்ணை வெட்டிச் சாலை போட்டு, படிக்கட்டு மாதிரி சமன் செய்து, ஓடையை நிரவும்போதுதான். அதாவது மனை போடும்போது. வீடு கட்டும் நாளில் வேலை முடிந்திருக்கும்.

இதில் இன்னொன்றும் உண்டு. 2006 அறிவிக்கையில் கட்டுமான இனத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். தொழிற்சாலை விரிவாக்கம் என்றால் கலெக்டர் தலைமையில் கூட்டம் நடக்கும், ஊர்க்காரர்கள் எழுந்து பேசலாம். மலைச்சரிவில் குடியிருப்பு வந்தால் கீழே இருக்கிற ஊருக்குப் பேச மேடை கிடையாது.

சரிவு எப்படிக் கணக்குப் போடுகிறது

களத்துமேட்டில் நெல்லைக் குவித்துப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அம்பாரம் ஒரு குறிப்பிட்ட சாய்வில் தானாக நிற்கும். அடியில் ஒரு கூடை அள்ளினால் மேலிருந்து சரிந்து வரும். உச்சியில் இன்னும் இரண்டு கூடை கொட்டினாலும் சரியும். சாலைக்காக அடிவாரத்தை வெட்டுவது முதல் வகை. வெட்டிய மண்ணை மேலே நிரப்பி அதன் மேல் வீடு கட்டுவது இரண்டாவது வகை. மலைச்சரிவு லேஅவுட்டில் பெரும்பாலும் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

மூன்றாவது விஷயம் தண்ணீர், இதுதான் வில்லன். மண் துகள்கள் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு இருக்கிற வரைக்கும்தான் அவற்றுக்குள் உராய்வு, பிடிமானம். நடுவில் இருக்கிற இடைவெளிகள் தண்ணீரால் நிரம்பினால் அழுத்தத்தில் ஒரு பங்கைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. தண்ணீருக்கு உராய்வு கிடையாது. மண்ணின் எடை கூடுகிறது, பிடிமானம் குறைகிறது. 1920-களில் கார்ல் டெர்சாகி இதைச் சமன்பாடாக எழுதினார். இன்றைக்கும் மண் பொறியியலின் அடிப்படை அதுதான். பொறியாளர்கள் சரிவைத் தாங்கும் சக்தியை, தள்ளும் சக்தியால் வகுப்பார்கள். 1-க்கு மேலே இருந்தால் நிற்கும். 1.5 இருந்தால் நிம்மதி. சிக்கல் என்னவென்றால் அந்த எண் நிலையானது இல்லை. கோடையில் 1.5 இருக்கிற அதே சரிவு, நவம்பரில் ஒரு வாரம் மழை பெய்தால் 1-ஐ நெருங்கலாம். மனை பார்க்க நாம் போவது கோடையில்.

மழையின் அளவையும் உணர்ந்து பார்க்கணும். ஒரு நாளில் 50 செ.மீ. பெய்தால் ஒரு ஏக்கர் மேல் விழுகிற தண்ணீர் சுமார் 20 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் சொன்னால் 160-க்கும் மேல். கற்பனைக் கணக்கு இல்லை. 2009 நவம்பர் 10-ல் நீலகிரி கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது. அந்த மழையில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1993 மாஸ்டர் பிளானுக்கு அப்போது 16 வயது.

ஒரு டேட்டாபேஸ் என்ன செய்யும்

இதற்குத் தீர்வே இல்லையா என்றால், ஹாங்காங்கைப் பார்க்கலாம். அங்கே சமவெளி குறைவு, மலையில் கட்டாமல் வேறு வழி இல்லை. 1972 ஜூன் 18, ஒரே நாளில் இரண்டு சரிவுகள். சாவ் மாவ் பிங்கில் 71 பேர், போ ஷான் ரோட்டில் 67 பேர் இறந்தார்கள். 1977-ல் மண் பொறியியலுக்கென்றே ஒரு தனி அரசு அலுவலகம் அமைத்தார்கள். அவர்கள் செய்த வேலையில் என் தொழில்காரனுக்குப் பிடித்தது எது தெரியுமா? மனிதன் வெட்டிய ஒவ்வொரு சரிவுக்கும், கட்டிய ஒவ்வொரு தாங்கு சுவருக்கும் ஒரு நம்பர். சுமார் 60,000 சரிவுகள். சரிவிலேயே பலகை அடித்து அந்த நம்பரை எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் சரிவைப் பராமரிக்க வேண்டியது யார், கடைசியாக யார் சோதித்தார்கள் என்று பார்க்கலாம். சாஃப்ட்வேர் பாஷையில் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு பிரைமரி கீ.

பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. இந்தச் சுவர் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். ஹைலேண்ட் டவர்ஸ் வழக்கில் அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கவே நீதிமன்றத்துக்கு வருடக்கணக்கில் ஆனது.

திட்டமே இல்லாத வீடுகள்

இதுவரை சொன்னதெல்லாம் 'திட்டம்' என்று பெயர் உள்ள வீடுகள். யாரும் முன்மொழியாத, யாரும் ஒப்புதல் கேட்காத வீடுகள் உண்டு. அங்கேதான் அதிகம் சாகிறார்கள்.

2014 அக்டோபர் 29, இலங்கை பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை பக்கம் மீரியபெத்தை தோட்டம். காலையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த நம் ஆட்கள். அந்த இடம் ஆபத்தானது, குடும்பங்களை இடம் மாற்றுங்கள் என்று இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. அறிவியல் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் லயனில் இருப்பவருக்கு நிலம் சொந்தமில்லை. வீட்டை விட்டு எழுந்து போங்கள் என்றால் எங்கே போவார்? போக ஓர் இடம் காட்டாத எச்சரிக்கை அது.

2024 டிசம்பர் 1, திருவண்ணாமலை. ஃபெஞ்சல் புயல் முந்தின நாள் இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்திருந்தது. மயிலத்தில் 51 செ.மீ. மழை. அன்று மாலை அண்ணாமலையார் மலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. 7 பேர் இறந்தார்கள், அதில் 5 பேர் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் ஐஐடி வல்லுநர்கள் வந்து மலையைப் பார்த்தார்கள்.

வ.உ.சி. நகர் மாதிரிக் குடியிருப்பு ஒரே நாளில் வருவதில்லை. ஒரு வீடு, பக்கத்தில் இன்னொன்று, ஒரு கரண்ட் கம்பம், ஒரு தெரு, அப்புறம் தெருவுக்குப் பெயர். இவற்றில் எதுவுமே 20,000 சதுர மீட்டர் இல்லை. ஆனால் நூறு சின்ன வெட்டுகளைச் சேர்த்தால் ஒரு பெரிய வெட்டுதான். தனித்தனியாகப் பார்க்கிற சட்டத்துக்குக் கூட்டுத்தொகை தெரியாது.

நம்ம மலையின் எடை

இப்போது திருவள்ளூருக்கு வருவோம். பூண்டிக்குப் பக்கத்தில் அல்லிக்குழி மலை. நீலகிரி மாதிரி உயரமும் இல்லை, அவ்வளவு மழையும் இல்லை. அதனால் இங்கே எடை போடும்போது தராசில் வைக்க வேண்டியவை வேறு.

முதலாவது, கல். இந்த மலை ஒரே பாறை இல்லை. உருண்டையான குவார்ட்சைட் கற்கள் சேர்ந்து இறுகிய கூட்டுப்பாறை. அந்தக் கல்லால்தான் நம் முன்னோர்களுக்கும் முந்தைய மனித இனங்கள் கருவி செய்தார்கள். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் முதல் கற்கருவியை எடுத்தார். அதே வருடம் அத்திரம்பாக்கத்துக்கும் வந்து சேர்ந்தார். சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அங்கே அகழாய்வு செய்து, கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியிட்டார்கள். 2018-ல் இன்னொரு கட்டுரை, 3,85,000 ஆண்டுகளுக்கு முந்தைய இடைப் பழங்கற்காலக் கருவிகள் பற்றி. குடியம் குகைகள் இதே மலையில்தான். இங்கே ஒரு ஜேசிபி அரை நாளில் அள்ளுகிற மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று அந்த டிரைவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அள்ளிய பிறகு கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனென்றால் கருவி எந்த அடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் வயதே இருக்கிறது.

இரண்டாவது, தண்ணீர். மேற்கு மலைகளில் இறங்குகிற ஓடைகள்தான் கீழே ஏரிகளை நிரப்புகின்றன, ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் போகின்றன. 1944-ல் திறந்த பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து சென்னை குடிக்கிறது. அடிவாரத்தில் ஒரு ஓடையை நிரவி மனை போட்டால் அந்த வருடம் யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு மூன்று வருடம் கழித்து ஏதோ ஒரு ஏரி நிரம்பவில்லை என்று ஆயக்கட்டு விவசாயி சொல்வார். அல்லது ஒரு பெருமழையில் தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு தெருவுக்குள் வரும்.

சரி, மலையே வேண்டாம், வீட்டையெல்லாம் சமவெளியில் கட்டுவோம் என்றால் அதற்கும் விலை உண்டு. சிப்காட்டில் வேலை செய்கிறவருக்கு வீடு வேண்டும். அவர் வேறு எங்கே போவார்? ஏரிப் புறம்போக்குக்கும் நஞ்சை நிலத்துக்கும்தான். 2015 டிசம்பரில் சென்னையைச் சுற்றி என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். மலையைக் காப்பாற்றி ஏரியைத் தொலைத்தால் லாபம் ஒன்றும் இல்லை. அதனால் மலையில் கட்டவே கூடாது என்பது என் வாதம் இல்லை. மென்மையான சாய்வில், ஓடையை விட்டு விலகி, வடிகாலோடு, அடியை வெட்டாமல் கட்டுகிற வீடு, ஏரிக்குள் கட்டுகிற வீட்டைவிட நல்லதாகவே இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள முதலில் கேட்கணும்.

என்ன கேட்பது? புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2006 அறிவிக்கையோடு கட்டுமானத் திட்டங்களுக்கென்று ஒரு படிவம் இருக்கிறது, '1ஏ' என்று பெயர். அதில் நிலம் பற்றிய பகுதியில் அடுத்தடுத்து மூன்று கேள்விகள். மண் அரிப்போ சரிவோ ஏற்படுமா, மண் வகை என்ன, சாய்வு எவ்வளவு? இயற்கையான நீர்வழியை மாற்றுகிறீர்களா, உயரக்கோட்டு வரைபடத்தில் காட்டுங்கள். எவ்வளவு மண்ணை வெட்டுகிறீர்கள், எவ்வளவு நிரப்புகிறீர்கள், எங்கிருந்து கொண்டு வருகிறீர்கள்? அருமையான கேள்விகள். 200 ஃபிளாட்டுக்கு மேல் கட்டுகிறவரிடம் மட்டும் கேட்கிறார்கள் என்பதுதான் குறை.

1200 சதுர அடி மனை வாங்குகிறவரும் இதே மூன்றையும் கேட்கலாம், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கூடவே ஹைலேண்ட் டவர்ஸ் சொல்லிக்கொடுத்த நான்காவது கேள்வி ஒன்று: என் மனைக்கு மேலே இருக்கிற நிலம் யாருடையது, அங்கே என்ன செய்யப் போகிறார்கள்? கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் வாங்கி ஓடை, வாய்க்கால் என்று குறித்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை நாளில் போனால் இன்னும் நல்லது. தாங்கு சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வடிவதற்குத் துளை இருக்கா, மழைக்குப் பிறகு அதில் தண்ணீர் வருதா என்று கவனியுங்கள். துளையில்லாத சுவர் ஒரு அணைக்கட்டு, ஆனால் யாரும் அதை அணைக்கட்டாகக் கட்டவில்லை.

ஊராட்சிகளும் ஒன்று செய்யலாம். கிராம சபையில் நம் எல்லைக்குள் இருக்கிற ஒவ்வொரு குன்றுக்கும், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நம்பர் போட்டுப் பட்டியல் எழுதலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஹாங்காங் 60,000 வரைக்கும் போனது. நம்ம ஊரில் பத்தோ இருபதோதான் வரும்.